ரோதமுனி முன்னால் அடித்த சத்தியம்

புதுத் துரை வந்த வாரமே எனக்கு அந்த மனிதர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அதை நடத்தும் துரைமார் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் நின்று எங்களைத் திட்டினார்கள். அது பழகிப்போன சங்கதி. இவர் திட்டவில்லை. பெயர் கொடுக்க வந்து குளிரில் நின்ற எங்களைப் பார்த்து, "வேலைய லேசாக்க யாருக்காச்சும் யோசனை இருந்தா சொல்லு. பயப்பட வேணாம். நல்ல யோசனைக்குப் பரிசு இருக்கு" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலையை லேசாக்கினால் ஆளையும் குறைப்பார்கள் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முன்பிருந்த துரையின் காலத்தில் ஒருவன், கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் மாட்டி மலையிலிருந்து இறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தான். கம்பி வந்தது. மூட்டை சுமந்தவர்கள் எல்லாரும் அந்த வேலையை இழந்து புல்லுவெட்டப் போனார்கள், யோசனை சொன்னவனும் சேர்த்து.

எனக்குப் பயம் அக்காவை நினைத்துத்தான். அக்காவும் நானும் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், குச்சி பொறுக்கும் அறையில் வேலை செய்தோம். காய்ந்த தேயிலையைப் பலகையில் பரப்பி, அதிலிருக்கும் குச்சியையும் நாரையும் விரலால் பொறுக்கி எடுக்கிற வேலை. அக்கா கொழுந்து பறிக்கும்போது மலையில் சறுக்கி விழுந்து, முறிந்த கால் கோணலாகக் கூடிப்போனவள். உட்கார்ந்து செய்ய அவளுக்குத் தோட்டத்தில் வேறு வேலை கிடையாது. இது போனால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மறுபடி மலை ஏற வேண்டும்.

துரை கேட்ட யோசனை எங்கள் அறையில் ஏற்கெனவே இருந்தது. கண்டுபிடித்தவளே அக்காதான். தண்ணீர் லைன் பழுதுபார்க்க வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை, தேயிலையைப் பரப்பிவிட அவள் வைத்திருந்தாள். ஒருநாள் அது அவள் மடியிலிருந்த கம்பளியில் உரசிக்கொண்டே கிடந்தது. எடுத்துத் தேயிலைக்கு மேலே நீட்டினாள். நாரெல்லாம் துள்ளி எழுந்து குழாயில் ஒட்டிக்கொண்டது, தேயிலை அப்படியே கிடந்தது. "அடி ஆத்தீ!" என்று கத்தியவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அறையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு. ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயாவின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் குழாய்கள் சாக்குக்கு அடியில் போய்விடும். நாங்கள் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு விரலால் பொறுக்குவோம்.

புதுத் துரை ஒரு மத்தியானம் அந்த அறைக்கே வந்து, கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். கையில் பணிஸ் ரொட்டிப் பொட்டலம். எங்கள் எதிரில் ஒரு துரை உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். என்னம்மா கஷ்டம், எது கண்ணுக்கு நோவு என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். எல்லாரும் பணிஸ் தின்றார்கள். நான் தொடவில்லை. இவ்வளவு கரிசனத்துக்கு என்ன காரணம் என்றுதான் என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று லயத்துக்குத் திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "கொழாயக் காட்டிடலாம்டி."

"ஒனக்கென்ன கிறுக்கா? ஒரு பணிஸுக்கு மயங்கிட்டியா?"

"இல்லடி. இத்தன வருசமா இந்தக் கையால என்னென்னமோ செஞ்சிருக்கேன். நல்லா இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இந்த மனுசன் கேக்குறாருடி. கேட்டுட்டு, நாம சொல்ற வரைக்கும் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் மசிகிறவள் இல்லை. கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். துரை ரோதமுனி முன்னால் சத்தியம் அடித்தால் காட்டலாம் என்றேன். ரோதை என்றால் ஸ்டோரின் பெரிய சக்கரம். அதைக் காக்கிற சாமி ரோதமுனி, சுவரோரம் கல்லாக நிற்கிறது. அதன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் ஆட்கள் மீறுவதில்லை. துரையாவது, கற்பூரமாவது, இந்தப் பேச்சு இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒத்துக்கொண்டுவிட்டார்! சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். "இந்தப் பொம்பள ஆளு ஒருத்தரையும் நான் மலைக்கு அனுப்பமாட்டேன்" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தார். கை சுட்டு உதறினார். அக்கா குழாயை எடுத்துக் காட்டினாள். துரை அதை வாங்கித் தானே கம்பளியில் தேய்த்துத் தேய்த்து, நார் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஸ்டோர்த் தச்சரையும் மெக்கானிக்கையும் கூப்பிட்டு, குழாய்களை வரிசையாகப் பூட்டி ஒரு மெஷினே செய்ய வைத்தார். பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் அக்காவுக்கு ஒரு சேலை கொடுத்தார். ஆட்கள் கைதட்டினார்கள். அக்கா அழுதாள். நான் மட்டும் துரையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே பிசகும் என்று. பிசகவே இல்லை. மிச்சமான கைகளைச் சலிக்கிற வேலைக்கும் பெட்டி கட்டுகிற வேலைக்கும் போட்டார், மலைக்கு ஒருத்தியும் போகவில்லை. சத்தியத்தைப் பார்த்த தைரியத்தில் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். கொழுந்து வாட்டுகிற மாடியிலிருந்து ஒன்று, விறகுக் கொட்டிலிலிருந்து ஒன்று என்று யோசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கே ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், துரையை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்து வந்த துரை மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். அப்புறம் எங்களைப் பார்த்தார். "இது இருக்குறப்ப இத்தன பேரு எதுக்கு?"

"தொரைங்களே, எங்கள மலைக்கு அனுப்புறதில்லன்னு ரோதமுனி முன்னால சத்தியம் இருக்குங்க" என்றேன்.

"யாரு பண்ணினது?"

"முன்ன இருந்த தொரைங்க."

"நான் பண்ணல்லதானே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு மனிதரைக் கட்டிப்போட்டுவிட்டுத் தோட்டத்தையே கட்டிவிட்டதாக நினைத்திருக்கிறோம். சத்தியம் அவரோடு லொறி ஏறிப் போய்விட்டது, மெஷின் மட்டும் எங்களிடம் நின்றது. மறுவாரம் அக்கா கூடையோடு மலை ஏறினாள். மழையில் அவள் காலை இழுத்து இழுத்து ஏறுவதைக் கீழ்த் தேயிலை வரிசையில் என் கூடையோடு நின்று பார்த்தபோது, அந்த நல்ல துரையைத்தான் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு வந்தவர் மேல் எனக்கு எந்த நம்பிக்கையும் இருந்ததில்லையே.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலைப் பெரட்டில், எங்களை மலைக்கு அனுப்பிய அந்தத் துரை அக்காவின் முன்னால் வந்து நின்றார். "நீதானே அந்தக் குழாய் கண்டுபிடிச்ச ஆளு? வேற ஏதும் யோசனை இருந்தா சொல்லு. பரிசு இருக்கு."

அக்கா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "எனக்கு என்னங்க தெரியும் தொரை" என்றாள்.

மலையிலும் அவள் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். கோணல் காலோடு அந்தச் சரிவில் மற்றவர்களுக்குச் சமமாகக் கொழுந்து நிறுக்க வைத்தது அதுதான். என்னிடம் மட்டும் சொன்னாள். அது என்னவென்று உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை.