இரண்டு நம்பர்

கண்டி நகரத்தில், ஒரு மருத்துவ லெப்பில் நான் கணினி வேலை பார்த்துவந்த காலம் அது. இரத்தம், சிறுநீர், உடம்பில் வெட்டி எடுத்த கட்டித் துண்டு எல்லாம் அங்கே சோதனைக்கு வரும். ரிப்போட் தயாரானதும் நோயாளிக்கு மெசேஜ் போக வேண்டும். அதை அனுப்ப நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அது தானாகவே எழுந்து, யார் யார் இன்னும் ரிப்போட் எடுக்கவில்லை என்று பார்த்து மெசேஜ் அனுப்பும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆரம்பத்தில் ஏதாவது ஒரு மெசேஜ் போகாவிட்டால் கவுண்டர் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதை அமத்தி மூடாமல் வேறு வேலை செய்ய முடியாது. கவுண்டரில் மடவளையிலிருந்து வரும் மிஸ் இருந்தார். பெட்டி வந்தால் முணுமுணுத்துக்கொண்டே ஃபோனை எடுத்து அந்த ஆளுக்குத் தானே பேசிவிடுவார். ஒரு நாள் மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, சனம் முன்னுக்கு நிக்கிற நேரம் நான் இத அமத்திக்கிட்டே ஈக்கவா? இத இல்லாம ஆக்குங்க."

"சரி மிஸ். இனி எல்லாம் ஒரு ஃபைல்ல எழுதிக்கும். நான் ஒவ்வொரு நாளும் பார்த்து உங்களுக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்றே பெட்டியை எடுத்துவிட்டேன். போகாத மெசேஜ் ஒவ்வொன்றையும் நாள், நேரம், காரணத்தோடு லொக் ஃபைலில் ஒரு வரியாக எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் பேசாமல் படுத்துவிடும். மிஸ் சந்தோஷப்பட்டு எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். முதல் வாரம் ஒழுங்காக அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் வாரம் இரண்டு தரம் பார்த்தேன். பிறகு பிரிண்டர் பழுது, புதுக் கணினி, அது இது என்று வேலைகள். யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஃபைலைப் பார்ப்பதை விட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆன ஒரு முற்பகல், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். லெப் ரசீதைப் பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்தார். மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து வெட்டி எடுத்துச் சோதித்த ரிப்போட்டை வாங்க வந்திருந்தார். மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"மெசேஜ் வரும்னு சொன்னாங்க சேர்" என்றார் அவர். "வரவே இல்ல. கெட்டதுன்னா ஒடனே கூப்பிடுவாங்க, வரலன்னா ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டோம். சும்மா வந்தா ஒரு நாள் பேர் போயிரும்ல, அன்னிக்குச் சம்பளம் இல்ல. இப்ப அவளுக்குக் கை தூக்க முடியல, அதான் வந்தேன்."

ஃபைலைத் திறந்தேன். அவர் மனைவியின் ரசீது இலக்கம் இருந்தது. நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல், காலை ஆறு மணிக்கு, ஒரே வரி: நம்பர் பிழை, தவிர்க்கப்பட்டது.

காரணமும் தெரிந்தது. படிவத்தில் இரண்டு நம்பர், நடுவில் ஒரு கோடு. பத்து இலக்கத்துக்கு மேல் இருந்தால் தவிர்த்துவிடு என்று எழுதியவன் நான்தான். தோட்டத்து லயத்து வீடுகளில் சிக்னல் பிடிக்காது. அதனால் தோட்டத்து ஆட்கள் தங்கள் நம்பரோடு சந்திக் கடை நம்பரையும் சேர்த்தே கொடுப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். என் பள்ளிக்கூடப் படிவங்களில் எல்லாம் அம்மா இரண்டு நம்பர்தான் எழுதிக் கொடுத்தார். நகரத்துக்கு வந்து நாலு காசு பார்த்ததும் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

மிஸ் என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார். "ரெண்டு நம்பர் சேத்து எழுதினா கொம்பியூட்டர் எடுக்காது போல ஈக்கி, அண்ணன்" என்று அவரிடம் சொன்னார். மிஸ்ஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஃபைலை நான் தினமும் பார்த்துச் சொல்கிறேன் என்றது மிஸ்ஸுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. ரிப்போட்டைத் தேடி எடுத்து உறையில் போட்டு, இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஃபைலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அன்று பகல் சாப்பிடாமல் அவர்களுடைய இரண்டு நம்பருக்கும் மாறி மாறிப் பேசினேன். ஒன்பது பேரும் கிடைத்தார்கள். அவர்களுடைய ரிப்போட்டுகளில் பயப்படும்படி எதுவும் இல்லை. திரையில் அந்தப் பெட்டியைத் திரும்பப் போட்டேன். ஏன் என்று மிஸ் கேட்டார். அப்போதும் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் தெல்தோட்டை பஸ்ஸுக்காக நின்றவர்களில் அந்தத் தோட்டத்து மனிதரைக் கண்டேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதற்குள் அவரே சிரித்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்.

"வீட்ல எப்படிங்க?" என்று கேட்டேன்.

"போன மாசம் எல்லாம் முடிஞ்சிருச்சு சேர். ரெண்டு மாசம் முந்திக் கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாம்னு பெரிய டொக்டர் சொன்னாரு." பஸ் காசை எண்ணிக்கொண்டே தொடர்ந்தார். "அவ அன்னிக்கே சொன்னா சேர், கடை நம்பர் எதுக்கு, என் நம்பர் போதும்னு. நான்தான் கேக்காம ரெண்டையும் எழுதினேன். என் கையாலயே செஞ்சிட்டேன்."

பிழை உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல நேரமும் இருந்தது. டிரைவர் இன்னும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்த மனிதர் என்னை என்ன செய்வார் என்று பயந்தேன். ஒன்றும் செய்யாமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

பஸ் கிளம்பப் பார்த்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"இப்பல்லாம் எங்க போனாலும் ஒரே நம்பர்தான் குடுக்குறேன் சேர்."

"நல்லதுங்க" என்றேன்.