தெரிந்துகொள்ளப்பட்டவனின் பங்கு

கடவுள் என்னைத் தெரிந்துகொண்டார் என்று உபதேசியார் சொன்னபோது, கடவுள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் என்றுதான் நான் நம்பினேன். இத்தனைக்கும் அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கோவில்பட்டியில் ஒரு பருத்தி அரவை மில்லில் தரம் பார்க்கிற வேலை. வண்டி வண்டியாக வந்து இறங்கும் கருங்கண்ணிப் பருத்திக்குள் கையை விட்டு, இது நல்லது, இது கழிவு என்று நான் சொன்னால் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரியின் முகம் மாறும். அப்படி ஊராருக்கெல்லாம் தரம் சொன்னவன் ஒரே ஒரு வார்த்தையைத் தரம் பார்க்கத் தெரியாமல் விழுந்தேன்.

குற்றம் வேதத்துத் தமிழினுடையது என்று இன்றுவரை சொல்லித் திரிகிறேன். பொறுக்கியெடுப்பதை அந்தத் தமிழ் தெரிந்துகொள்வது என்று சொல்லும். நாம் புழங்குகிற தமிழில் தெரிந்துகொள்வது என்றால் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

உபதேசியார் நடத்திய ஞானஸ்நான வகுப்பில் நான் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி. நான் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்தான். குலசாமி, கொடை, கிடாவெட்டு என்று வளர்ந்தவன். அவள் வேதக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அதற்காகச் சபை அவளை வெளியே தள்ளிவிடவில்லை. வேதக்கோயிலுக்கு வரலாம், பாடலாம், காணிக்கை போடலாம். நற்கருணைக்கு மட்டும் முன்னால் போகக்கூடாது.

மாதத்தில் முதல் ஞாயிறு மற்றப் பெண்கள் எல்லாம் எழுந்து பீடத்தண்டை போய் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். இவள் மட்டும் பாயில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். ஜன்னல் வழியாக அந்த முதுகு தெரியும். ஆறேழு வருஷம் அந்த முதுகைப் பார்த்தேன். ‘நீங்களும் சேந்திருங்க’ என்று அவள் ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். சொல்லாததால் நானே போய்ச் சிக்கினேன். நான் ஞானஸ்நானம் எடுக்கிற அன்றே அவளையும் நற்கருணைக்குச் சேர்த்துக்கொள்வதாகக் குருவானவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அது சித்திரை மாதம். மறுநாள் ஞானஸ்நானம். சனிக்கிழமை பிற்பகல், கோயில் வராந்தாவில் கடைசி வகுப்பு. உபதேசியார் என்னைவிட வயதில் சின்னவர். மீசை இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளாத முகம். வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சொன்னார்: “நாம அவரைத் தெரிந்துகொள்ளல அண்ணாச்சி. அவருதான் நம்மளத் தெரிந்துகொண்டாரு. இன்னைக்கு நேத்தைக்கு இல்ல. உலகம் உண்டாகுததுக்கு முன்னாலயே.”

உலகம் உண்டாவதற்கு முன்னால் ஆடு ஏது, அரிவாள் ஏது, குழம்பு ஏது? அதற்கும் முன்பே என் சட்டியில் என்ன கொதிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டவரிடம் நான் எதை மூடி மறைப்பது?

ஆம், கறிதான் விஷயம். எங்கள் குலசாமிக்குச் சித்திரையில் கொடைத் திருவிழா. காவல் தெய்வத்துக்கு முன்னால் கிடா வெட்டி, கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். எங்கள் வம்சத்தில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. நான் ஊரை விட்டுப் போய், வேதக்காரியைக் கட்டி, கொடைப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தும் என் பங்கு நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் கொடைக்கு மறுநாள் அண்ணன் அதை ஓலைக்கொட்டானில் வைத்துப் பஸ் ஏறிக் கொண்டுவந்துவிடுவார். ‘ஊர்க்கறி’ என்று பொதுவாகச் சொல்லி மனைவியிடம் கொடுப்பேன். அவளும் நல்லமிளகு தட்டிப்போட்டு வைப்பாள். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்று இரண்டாவது வகுப்பிலேயே உபதேசியார் சொல்லியிருந்தார். “சேச்சே, தொடலாமா!” என்று எல்லாரையும் விட உரக்கச் சொன்னவனும் நானே.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தேன். நடுவீட்டில் அண்ணன் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டான்.

“ஏலே, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்க?” என்றார்.

சைக்கிளைத் திருப்பினேன். ‘எங்க போறீங்க?’ என்று மனைவி கேட்டது தெருமுனை வரைக்கும் துரத்தியது.

உபதேசியார் மறுநாளைக்காக விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். போன வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். கொடை, கிடா, பங்கு, கொட்டான், நல்லமிளகு ஒன்றையும் விடவில்லை. கடைசியில், “எல்லாம் தெரிஞ்சிட்டுன்னு ஆனபிறகு எதுக்கு மறைக்கணும்? எம் பொஞ்சாதி மேல தப்பு இல்ல. என்னை வேணும்னா விட்டிருங்க, அவளைச் சேத்துக்கிடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். “யாருக்கு அண்ணாச்சி தெரிஞ்சிட்டு?”

“ஆண்டவருக்கு. நீங்கதான சொன்னீக, தெரிந்துகொண்டாருன்னு.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். துணியை வாயில் வைத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்தார். பிறகு விளக்கினார். தெரிந்துகொள்வது என்றால் துப்பறிவது அல்ல, இவன் எனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொள்வது. இஸ்ரவேல் ஜனத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர்கள் பெரிய ஜனமும் இல்லை, நல்ல ஜனமும் இல்லை. எல்லா ஜனத்திலும் கொஞ்சமானவர்கள். அவர்களைத்தான் தம்முடைய பங்கு என்று சொன்னார்.

பங்கு என்ற சொல் அவர் வாயிலும் வந்ததில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கொண்டுபோன பயம் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

“பொறுக்கி எடுக்குதது என் வேலைய்யா,” என்றேன். “நான் நல்லதை எடுத்தா மிச்சம் கழிவு. அவரு இவியள எடுத்தாருன்னா, மிச்ச ஆளுகளை என்ன செஞ்சாரு?”

“நீங்க மில்லுக்கு எடுக்குததைச் சொல்லுதீங்க. சம்சாரி விதைக்குன்னு கொஞ்சம் எடுத்துவைப்பாம்லா, அதை நினைச்சுப் பாருங்க. அந்தக் காட்டுல மத்ததெல்லாம் கழிவுன்னா எடுத்தான்? காடு முழுக்க விளையணும்னு எடுத்தான். ஆபிரகாமைக் கூப்பிடும்போதே, உன்னால பூமியில உள்ள வம்சமெல்லாம் ஆசீர்வாதம் பெறும்னுதான் கூப்பிட்டாரு.”

நன்றாகத்தான் இருந்தது. கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு விதை என்றால் மறுபேச்சு ஏது? ஆனாலும் கேட்டேன். “அப்ப எங்க அண்ணன்?”

அவர் கண்ணாடியை மறுபடி எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. “அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி,” என்றார். பிறகு, “அந்தக் கறியைத் தின்னாதிய. நாளைக்குக் குருவானவர் கேட்டா நான் பொய் சொல்ல முடியாது,” என்றார்.

திரும்பி வந்தேன். மனைவியிடம் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னேன், இது சாமிக்கு வெட்டின கறி என்று. “கொடைக்கு மறுநாள் வருத கறி பின்ன கிறிஸ்மஸ் கறியா?” என்றாள். அப்புறம் குரல் தாழ்ந்தது. “இந்த வெயில்ல அத்தான் மடியில வச்சுக் கொண்டாந்திருக்காவ. நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். சொல்லும்போது அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கொட்டானைப் பார்த்துச் சொன்னேன். “அண்ணே, நாளைக்கு நான் சேருதேன். இனிமே என் பேர்ல பங்கு போடச் சொல்லாதிய.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“பங்கு நானா போடுதேன்?” என்றார். “நீ வந்து கேட்டா வச்சாவ? நீ பெறந்த, கலியாணம் கட்டுன, ஒரு தலைக்கட்டு ஆன. வந்தாலும் அது உன் பங்கு, வராட்டாலும் அது உன் பங்கு. நீ வேண்டாம்னு சொல்லலாம்டே. இல்லைன்னு சொல்ல உனக்கும் முடியாது, எனக்கும் முடியாது.”

ஒரு மணி நேரத்துக்கு முன் கோயில் வராந்தாவில் கேட்டதையே மறுபடி கேட்பதுபோல் இருந்தது.

“சரி, ஒரு சட்டி குடும்மா,” என்றார் அண்ணன். முற்றத்தில் மூன்று கல் கூட்டி, அவரே அந்தக் கறியை வேகவைத்தார். எங்கள் இரண்டு பேருக்குள்ள கறியையும் தனி ஆளாகத் தின்றார். “எலே, உன் பங்கை உனக்காவத்தான் தின்னுதேன், பாத்துக்க,” என்று நடுவில் ஏப்பம் விட்டுச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு ஊருக்குப் போகப் பஸ் இல்லை. எங்கள் வீட்டிலேயே படுத்தார்.

காலையில், “நானும் வாரேன்” என்றார். கோயில் வாசலில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானையும் கழற்ற ஆரம்பித்தார். சட்டை இருக்கலாம் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். ஆண்கள் பக்கம் பாயில் என் அருகில் உட்கார்ந்தார்.

ஞானஸ்நானம் ஆயிற்று. தலையில் மூன்று தரம் தண்ணீர் விழுந்தது. சட்டைக் காலர் நனைந்தது. கறியைப் பற்றிக் குருவானவர் எதுவும் கேட்கவில்லை. என் மனைவியின் பெயரைச் சொல்லி, இன்று முதல் அவள் நற்கருணைக்கு வரலாம் என்று சபைக்கு அறிவித்தார். எனக்கு இன்னும் கிடையாது. அத்தியட்சர், அதாவது பிஷப், வந்து திடப்படுத்திய பிறகுதான். அதனால் நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஆண்கள் எழுந்து போனார்கள். எல்லாரும் வரிசையாகப் போவதைப் பார்த்த அண்ணன், நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து அவர்களோடு போய்விட்டார். பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதித் தடுப்பண்டை மற்றவர்களைப் பார்த்து அவரும் முழங்கால் போட்டார். அவர்களைப்போலவே கையைக் குவித்து நீட்டினார். குருவானவர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனண்டை வந்ததும் நின்றார். குனிந்து ஏதோ கேட்டார். அண்ணன் ஏதோ சொன்னார். குருவானவர் அவர் தலையில் கையை வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போனார்.

அண்ணன் திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெறுங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். “பேரு சேத்தாத்தான் பங்காம்டே,” என்றார் என் காதில். “நம்ம கோயில்லயும் அப்படித்தான. அசலானுக்குக் குடுப்பமா?”

என் முகம் எரிந்தது. பெண்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். என் மனைவி எழவில்லை. அண்ணன் வெறுங்கையோடு வந்ததை அவள் பார்த்திருந்தாள். வழக்கமாக உட்காருவது போலவே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பாய்க்காரிகள் போய்விட்டார்கள். குருவானவர் தட்டோடு நின்று பார்த்தார்.

அண்ணனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. காட்டில் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கோயில் முழுக்கக் கேட்டது.

“என்னம்மா உக்காந்திருக்க? போ. போயி உன் பங்கை வாங்கு.”

அவள் எழுந்து போய் வாங்கினாள்.