மனாங் பியாங் வாசித்த ஏழாவது பொருள்

இஞ்சித் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, மைக்கை நகத்தால் இரண்டு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில எட்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. ஐஸ் போடுறவங்க இன்னிக்கே போட்டுக்குங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க," என்கிறார் மனாங் பியாங். கடைசி வார்த்தைகள் மின்சார அலுவலகம் கொடுத்த தாளில் கிடையாது. அவர் வாசிக்கும் எந்தத் தாளிலும் கடைசி வார்த்தைகள் அவருடையவை.

தேவாலயப் பதிவேட்டில் அவர் பெயர் யூத்ரோப்பியா கபுகாவ். சான் விடல் நகரத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் அவர் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் மனாங் பியாங், பியாங் அக்கா. வயது ஐம்பத்தேழு. பத்தொன்பது வருடங்களாக நகர மன்றத்தின் அறிவிப்பு வண்டியில் ஊரைச் சுற்றி வருகிறார். வண்டி என்றால் மோட்டார் சைக்கிளில் பக்கத்தொட்டி மாட்டிய ட்ரைசைக்கிள்தான். அதன் கூரையில் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள். ஓட்டுபவர் அவர் கணவர் டெல்ஃபின்.

"வாயாடியைக் கட்டிக்கிட்டேன், ஊருக்கே வாடகைக்கு விட்டுட்டேன்," என்று டெல்ஃபின் டீக்கடையில் சொல்லுவார். உண்மை வேறு. குரலைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் மனாங் கிசுகிசுப்பதோடு சரி. குழம்பில் உப்பு கூடிவிட்டால் புருவத்தைத் தூக்குவார், டெல்ஃபின் தண்ணீர் எடுத்து வருவார். குளிர்ந்த தண்ணீர், கொய்யா, பொரித்த வாழைப்பழம் எதையும் மனாங் தொடுவதில்லை. மழை நாளில் கழுத்தைச் சுற்றி டெல்ஃபினுடைய பழைய காலுறை ஒன்று இருக்கும். துவைத்ததுதான் என்று கேட்காமலே சொல்லுவார்.

அவர் வாசிக்காத செய்தி இல்லை. நாய்களுக்கு இலவச ஊசி எந்தத் தெருவில், கூடைப்பந்துப் போட்டியில் முடிவெட்டுகிறவர்கள் அணியைச் சவப்பெட்டிக்காரர்கள் அணி எத்தனை புள்ளியில் வென்றது, தப்பி ஓடிய கறுப்புப் பன்றிக்கு எந்தக் காதில் வெட்டு, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவேண்டும். பன்றி கிடைத்துவிட்டால் அதையும் சொல்லுவார். "தேடினவங்களுக்கு நன்றி. தேடாம வறுத்துத் திங்கலாம்னு நெனச்சவங்களுக்கும் நன்றி, மனசு மாறினதுக்கு."

ஆனால் எதை முதலில் வாசிப்பது என்பதில் விளையாட்டே கிடையாது. முதலில் மரணம். மரண அறிவிப்பு என்றால் டெல்ஃபின் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் நின்றதும் தெருவும் நின்றுவிடும். முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தூக்கிப் பிடிப்பார், மைதானத்தில் பந்து யாரோ ஒருவன் கக்கத்துக்குள் போய்விடும். இறந்தவரின் பெயர், வயது, விட்டுச் சென்ற உறவுகள், உடல் எங்கே இருக்கிறது, அடக்கம் எப்போது என்று நிதானமாகச் சொல்லுவார். பதிவேட்டுப் பெயரோடு விட்டுவிடமாட்டார், கூப்பிடும் பெயரையும் சேர்ப்பார். "பத்திரத்துல இருக்கிற பேரைச் சொன்னா செத்தவனுக்கே யாருன்னு தெரியாது," என்பது அவர் கட்சி. அறிவிப்பு முடிந்து எஞ்சின் உறுமினால் போதும், ஊருக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற நகர மன்றச் செய்திகளைக் கோழிகள்தான் கேட்கும்.

இது மனாங்குக்கும் தெரியும். அவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. மன்றம் கூடுவதற்கு முந்தைய வாரம் செயலாளர் எமில் வில்லாசிஸ், ஓரம் மடங்காத தாள் ஒன்றில், கூட்டத்துக்கு வரப்போகும் பொருள்களை வரிசையாக அச்சடித்துக் கொடுப்பார். மனாங் அதை மட்டும் எழுத்து பிசகாமல், எதையும் சேர்க்காமல் வாசிப்பார். யாராவது விளக்கம் கேட்டால், "வாசிக்கிறதோட என் வேலை சரி. புரியறது உங்க வேலை," என்று விடுவார். பத்தொன்பது வருடம் இது நன்றாகத்தான் ஓடியது.

போன மாதத்து வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று சொல்லவேண்டும்.

அன்றைய தாளில் ஏழாவது பொருள் இது: "சாந்தோ ரோக்கே வட்டம், நிலம் எண் 412, வணிகப் பயன்பாட்டுக்கு வகைமாற்றம் செய்தல். பொதுக் கருத்துக்கேட்பு, செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி." ஆறாவது பொருளான தெருவிளக்குக்கும் எட்டாவது பொருளான அழகிப் போட்டிக் குழுவுக்கும் நடுவே அது பேசாமல் உட்கார்ந்திருந்தது. மனாங் அதை நாற்பது தெருவில் வாசித்தார். கடற்கரைச் சேரியான சுபாவில் வாசித்தபோது, கருவாடு போடும் பெண்களுக்குத் தலைவியான லூசிங், தட்டுக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை மறித்தாள்.

"மனாங், அந்த நானூத்திப் பன்னெண்டு எங்க இருக்கு? எங்கயாவது பணக்காரன் தோட்டமா?"

"எனக்கென்ன தெரியும்? வாசிக்கிறதோட சரி."

"நல்லா வாசிச்சீங்க, போங்க. அழகிப் போட்டிக்கு என் பேரைக் குடுங்க," என்று லூசிங் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். சுபாவே சிரித்தது. மனாங்கும் சிரித்தார்.

மாலையில் நகர மன்றத்துக்குப் போனார், சுற்று முடிந்தது என்று கையெழுத்துப் போட. அறிவிப்புப் பலகையில் ஏழாவது பொருளுக்கான வரைபடம் குத்தியிருந்தது. சும்மா பார்த்தார். ஒரு பக்கம் சாந்தோ ரோக்கே சிற்றாலயம், மறுபக்கம் ஓடை கடலில் விழும் இடம். நடுவே நீலக் கோடு போட்டு, 412. கீழே சின்ன எழுத்தில் 'விடுதிக்கான வாகன நிறுத்துமிடம்'. ஆலயத்துக்கும் ஓடைக்கும் நடுவே இருப்பது ஒன்றே ஒன்றுதான், சுபா மணல். நாற்பது பெண்கள் மூங்கில் தட்டிகளில் கருவாடு காயப்போடுகிற மணல். அந்த வாசனை இரண்டு சந்து தள்ளி மனாங்கின் தலையணை உறையில்கூட இருக்கிறது. அதையா காலை முழுக்க வாசித்துவிட்டு வந்தோம் என்று அவருக்குக் காது சூடாகிவிட்டது. செத்தவனுக்கெல்லாம் கூப்பிடும் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவருக்கு, உயிரோடு இருக்கும் மணலுக்குச் சேர்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

செயலாளரிடம் போனார்.

"சர், ஏழாவதுல 'சுபா மணல்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கட்டுமா?"

வில்லாசிஸ் கெட்டவர் அல்ல. கோடு போட்ட வாழ்க்கை வாழ்கிறவர். "வேண்டாம் மனாங். அது சட்ட வாசகம். ஒரு எழுத்து மாறினாலும் அறிவிப்பு செல்லாதுன்னு வந்து நிப்பாங்க."

"சரி சர். அன்னிக்கு யாரும் பேச வரலேன்னா?"

"ஆட்சேபம் இல்லேன்னு குறிச்சுட்டு அடுத்த பொருளுக்குப் போயிடுவோம்."

அன்றைக்கு வீட்டில் மனாங்கின் புருவம்கூட அசையவில்லை. டெல்ஃபின் தானாகவே குழம்பில் தண்ணீர் ஊற்றினார்.

சனிக்கிழமை காலை வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார். "ஏழாவதை முதல்ல வாசிக்கப் போறேன். எஞ்சினை நிறுத்திடு."

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் போகல. நிறுத்து."

சந்தைத் தெருவில் எஞ்சின் நின்றது. கத்தரி நின்றது. மனாங் மரணம் வாசிக்கும் குரலில் ஏழாவது பொருளை ஒரு எழுத்து மாறாமல் வாசித்தார். பிறகு தாளை மடித்து மடியில் வைத்தார். "ஊருல கூப்பிடுற பேரு, சுபா மணல். விட்டுட்டுப் போறது, கருவாடு போடுற நாப்பது பொம்பளைங்க, அவங்க பிள்ளைங்க நூத்திச் சொச்சம், அந்தக் கருவாட்டைக் காலையில சோத்தோட திங்கிற நீங்க எல்லாரும். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி, நகர மன்றம், மாடியில. துக்கத்துக்கு வர்ற மாதிரி எல்லாரும் வந்துடுங்க." டெல்ஃபின் எஞ்சினை உதைத்தார்.

முடிவெட்டும் கடையில் சிரித்தார்கள். சுபாவில் யாரும் சிரிக்கவில்லை. லூசிங் கூடையை மணலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து எனக்கே தெரியாது லூசிங்."

"பத்தொம்பது வருஷமா வாசிக்கிறீங்க. தெரியாதா?"

மனாங் டெல்ஃபினை வண்டியை எடுக்கச் சொன்னார். அன்றைக்கு எல்லாத் தெருவையும் இரண்டு தடவை சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, ஆனாலும் சுற்றினார். திங்கள் மதியம் குரல் பாதியாகிவிட்டது. இஞ்சியை மென்றுகொண்டே மீதிப் பாதியில் வாசித்தார்.

திங்கள் மாலை வில்லாசிஸ் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு புகார் இருந்தது.

"தாளில இல்லாததை வாசிச்சீங்களாம்."

"தாளை எழுத்து மாறாம வாசிச்சேன் சர். வாசிச்சு முடிச்சப்புறம் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகல. சும்மா உக்காந்திருந்த நேரத்துல ரெண்டு வார்த்தை பேசினேன்."

"நாப்பது தெருவுலயுமா ஸ்டார்ட் ஆகல?"

"பழைய வண்டி சர்."

வில்லாசிஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "உங்க ஒப்பந்தம் ஜூன் முப்பதோட முடியுது. ஆறு மாசத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிறது என் கையெழுத்துல. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சர். அதையும் நானே வண்டியில வாசிக்கணுமா?"

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மன்றக் கூடத்தில் உட்கார முப்பது நாற்காலி, நிற்க இருநூறு பேர். துக்கத்துக்கு வரச் சொன்னதால் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரியே வந்துவிட்டார்கள். ஒருத்தி பெரிய கெட்டிலில் காப்பி, ஒருத்தி உப்பு பிஸ்கட் டின். மூலையில் நான்கு பேர், துக்க வீட்டில் ஆடுவதுபோலவே, சீட்டைக் கலைத்து, காவலாளி முறைத்ததும் சட்டைப் பைக்குள் போட்டார்கள். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் கையில் மெழுகுவர்த்தியோடு, "பெட்டியை எங்க வச்சிருக்காங்க?" என்று தீவிரமாக விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப இன்னும் உயிரு இருக்கா? நல்லதாப் போச்சு," என்று அங்கேயே நின்றுகொண்டார்.

கூட்டம் போதாது. பேச விரும்புகிறவர்கள் கதவருகே மேசையில் இருக்கும் தாளில் பெயர், முகவரி, 'ஆதரவா எதிர்ப்பா' எழுதிக் கையெழுத்திடவேண்டும். பொருளைக் கூப்பிட்டதும் தாளை எடுத்துவிடுவார்கள். தாளில் பெயர் இல்லையென்றால் இருநூறு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சந்தையில் ஒரு மீனுக்கு அரை மணி நேரம் வாதாடுகிற பெண்கள் அந்தப் பேனாவைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "நீ போ." "நீ மூத்தவ, நீ போ." "என் கடை அனுமதி இவங்ககிட்டதான்டி இருக்கு." லூசிங்கின் கடைசி மகளுக்கு ஞானத்தந்தையான உறுப்பினர் மேடையில் உட்கார்ந்திருந்தார். அவர் இவளைப் பார்த்துத் தலையசைக்கவும், லூசிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தாவது பொருள் முடிந்தது. தெருவிளக்கு ஆரம்பித்தது. தாள் வெள்ளையாக இருந்தது.

மனாங் பின்வரிசையில், ஊழியர் பெஞ்சில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. டெல்ஃபின் பக்கம் சாய்ந்தார்.

"ஜூனுக்கு அப்புறம் வண்டியை என்ன பண்ணுவே?"

"மீன் ஏத்துவேன். ஓடாதா என்ன?"

"மணலே இல்லாம எந்த மீனு?"

மனாங் எழுந்து போக டெல்ஃபின் இடம் விட்டு, முழங்கால்களை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

மனாங் எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. தாளை எடுத்துப் போக வில்லாசிஸ் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தார். மனாங் வருவதைப் பார்த்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார். அதட்டலாக இல்லை, வேண்டுகோளாகத்தான் இருந்தது.

"நீங்க நம்ம ஆளு மனாங். இதுல எழுதிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வேற யாராவது எழுதட்டுமே."

"யாரும் எழுதலையே சர்," என்றார் மனாங். காற்றுதான் வந்தது, ஆனாலும் வில்லாசிஸுக்குக் கேட்டது.

மனாங் அவருடைய மணிக்கட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கி, ஓரமாக வைத்தார். குனிந்து எழுதினார். மூன்றாவது கட்டத்தில் 'எதிர்ப்பு' என்று, பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதினார். மேடையில் ஏழாவது பொருளின் எண்ணைத் தேடிக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மனாங் பேனாவைக் கீழே வைக்கவில்லை. திரும்பி, சுவரோரம் நின்ற லூசிங்கைப் பார்த்து அதை நீட்டினார். லூசிங் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வரும்வரை அந்தக் கை இறங்கவில்லை.