ஏலத்தன்று வந்தவர்

அது எங்கள் ஊரின் மலையாளக் கணக்கில் விருச்சிக மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அப்பா மூன்றாவது என்பார். அன்று தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஏலம் நடந்ததால் சரிபார்ப்பது எளிது. பார்த்தும்விட்டேன், நான் சொல்வதே சரி. ஆனால் அந்தப் பிற்பகலை நினைக்கும்போது நாளும் கிழமையும் கரைந்துபோய், மழைக்கும் வெயிலுக்கும் நடுவிலான ஒரு வெளிச்சம் மட்டுமே எஞ்சுகிறது. கோட்டைக்குள் எங்கள் தெருவில் ஓட்டு விளிம்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் தொலைக்காட்சியின் நீல ஒளி. அதற்குள் கோட்டு போட்டவர்கள் மேசை மேசையாக உட்கார்ந்து, தூக்கத்தில் கை தூக்குகிறவர்களைப் போல அட்டைகளைத் தூக்கினார்கள். ஒவ்வொரு அட்டை உயரும்போதும் யாரோ ஓர் ஆட்டக்காரர் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போனார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு முப்பத்து நான்கு. தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எங்கள் வீட்டில் மஞ்சள் சட்டை அணிக்கு அவள் முதல் ரசிகை, அவளால் நான் இரண்டாவது. ஆட்டம் உள்ள நாட்களில் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அடுத்த பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்வாள். பாதி பொய்த்துப்போகும். பொய்த்தால், பவுலர்தான் தப்பாகப் போட்டான் என்பாள். அவளுடைய கட்டிலில் சுவரோரம் என் இடம்.

அந்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. கல்லூரியில் கணக்கு வாத்தியார். அத்தை நாளை மாற்றச் சொல்லிப் பார்த்தாள்.

“ஏலத்தன்னிக்கு யாராவது வரச் சொல்லுவாளா அண்ணா?”

“ஏலம் அடுத்த வருஷமும் வரும். வரன் வராது,” என்றார் அப்பா.

எனக்கு விஷயம் தெளிவாக விளங்கியது. அவருக்கு அத்தையைப் பிடித்துவிட்டால் அத்தை நாகர்கோவில் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் நின்று, பிடிக்காமல் போனால் ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அந்தக் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் ஓய்வதே இல்லை. யார் எதற்காக உடைக்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பதும் இல்லை.

அவர் தன் அக்காவோடு வந்தார். அப்பா ஏலத்தின் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு, மரியாதைக்காக அவரைத் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டிய நாற்காலியில் உட்கார வைத்தார். அக்கா அப்பாவிடம் கோத்திரம் பற்றிப் பேசினாள். அவர் கழுத்து வலிப்பவரைப் போல அடிக்கடி பின்பக்கம் திரும்பினார்.

அத்தை காபியும் பஜ்ஜியும் வைத்த தட்டோடு வந்தாள். சரியாக அந்த நேரத்தில் திரையில் அவளுடைய பிரியமான பவுலரின் முகம் வந்தது. பல வருடங்கள் மஞ்சளுக்கு ஆடிவிட்டு, அந்த வருடம் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். முதலில் மஞ்சள் மேசை அட்டை தூக்கியது. பிறகு சிவப்பு. மறுபடி மஞ்சள். மறுபடி சிவப்பு. அத்தை தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். கடைசியில் மஞ்சள் மேசைக்காரர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“ஐயோ, சிவப்புக்காரா கொண்டுபோயிட்டா!”

“நீங்கதானே வேண்டாம்னு விட்டேள்,” என்றார் வந்தவர். அவர் சிவப்புக் கட்சி என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“வேண்டாம்னு ஆரு சொன்னா? ஏலத்துல கொறஞ்ச வெலைக்குத் திரும்பி எடுக்கலாம்னுதான் விட்டா. உங்காளுகள் வெறுதே ஏத்திவிட்டா. கால் முட்டு ஆபரேஷன் ஆனவனுக்குப் போய் இத்தனை கோடியா?”

“வேணும்னா விடப்படாது. விட்டுட்டு மலிவா வாங்கிக்கலாம்னு நெனச்சா அது என்ன நியாயம்?”

“பின்னே, உங்க கேப்டனுக்கு வருஷா வருஷம் கொட்டிக் குடுக்கறேளே, ஒரு கப்பாவது வந்துதா?”

“வரல்லே. அதுக்காக ஆளை மாத்திண்டே இருக்க முடியுமா?”

நான் கதவோரம் நின்று மனதுக்குள் துள்ளினேன். பிள்ளையார் வேலையைத் தொடங்கிவிட்டார். அம்மா சமையலறை வாசலிலிருந்து அத்தைக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். அப்பா இருமினார். அத்தை தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சரி, ஒரு பேச்சுக்கு,” என்றார் அவர். “அந்த பவுலரைத் திருப்பித் தரோம். உங்க இடதுகைப் பையனைத் தாங்கோ.”

“அவனையா? முட்டு போனவனுக்குப் பதிலா?”

“இப்போ மட்டும் முட்டு போனவனா? தட்டோட நின்னு ஐயோன்னேளே!”

அவருடைய அக்கா மெல்ல, “டேய், பாட்டு பாடச் சொல்லிக் கேக்கலையேடா,” என்றாள். அவர் காதில் விழவில்லை. காபி ஆறியது. தொலைக்காட்சியில் அட்டைகள் சத்தமில்லாமல் எழுந்து எழுந்து அமர்ந்தன. ரயிலுக்கு நேரமானபோது அக்காதான் அவரைக் கிளப்ப வேண்டியிருந்தது. தெருவில் இறங்கிய பிறகும், மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தவர், “அந்த இடதுகைப் பையன் விஷயம் யோசிச்சு வையுங்கோ,” என்றார்.

“யோசிக்க ஒண்ணுமில்லே,” என்றாள் அத்தை.

“போச்சு. வந்த வரனையும் வெரட்டியாச்சு,” என்று அப்பா உள்ளே போய்விட்டார். அத்தை ஏலத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஆறிப்போன பஜ்ஜிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.

மறுநாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்ததும், பழவங்காடிக்குப் போக வேண்டும், எனக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்றேன்.

“எதுக்குடி?”

“சொல்லப்படாது.”

“செரி, சொல்ல வேண்டாம்.”

கோயில் முன்னால் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்களின் கூட்டம். மழை விட்ட தெருவில் விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வளையங்கள். கடையில் அத்தை இரண்டு தேங்காய் வாங்கினாள். நான் எறிந்தது கீறல் விட்டு உருண்டது. இரண்டாம் முறைதான் உடைந்தது. அவள் எறிந்தது ஒரே வீச்சில் சிதறி, என் பாவாடை வரை தண்ணீர் தெறித்தது. அப்போது அவளுடைய கைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். வெகுநேரம் படித்தாள்.

“ஆரு அத்தை?”

“நாகர்கோவில். அந்த பவுலரைச் சும்மாவே தராராம். பதிலுக்கு ஆரும் வேண்டாமாம்.”

பேரத்தில் அவர் தோற்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. “சும்மாவா? அப்போ வாங்கிக்கோ அத்தை!”

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு முக்கியமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

“வாங்கிக்கட்டுமா?”

“வாங்கிக்கோ.”

அவள் அங்கேயே, தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவில் நின்று, பதில் எழுதினாள். இரண்டாவது தேங்காய் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏலத்தில் போனவரும் திரும்பி வந்தாயிற்று, இடதுகைப் பையனும் நம்மிடமே இருக்கிறான், அத்தையும் எங்கும் போகப்போவதில்லை. எல்லா லாபமும் எங்கள் பக்கம்தான் என்று எண்ணியபடி, ஈரமான அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வீடு வரை நடந்தேன்.