மடுகில் நின்ற முதுகு

1. ஆள் இல்லாத படம்

மலையிலிருந்து நான் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்ததும் பிரசாத் சார் போன் செய்தார்.

"அண்ணா, இது முழங்கால் ஆழமா, ஆள் ஆழமா?"

"ஆள் ஆழம் சார்."

"படத்துல பார்த்தா சின்னப் பிள்ள எறங்கி விளையாடலாம் போல இருக்கே."

அவர் சொன்னது சரிதான். லென்ஸில் போலரைசர் மாட்டியிருந்தேன். தண்ணீர் மேல் விழும் பளபளப்பை அது எடுத்துவிடும். அடியில் கிடக்கும் கூழாங்கல் கை நீட்டினால் எட்டும் என்பது போலத் தெரியும். படம் அழகாக வரும், ஆழம் மட்டும் தெரியாது.

"பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சு எடுங்க அண்ணா."

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"அப்ப நீங்களே நில்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரசாத் சார் திருப்பதியில் இருந்துகொண்டு ட்ரெக்கிங் குழு நடத்துகிறார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் ஆட்கள் வருவார்கள். வரதய்யபாளையம் பக்கத்து மலைக்குள் ஓடை தேங்கி நிற்கும் குளங்கள் உண்டு. எங்கள் பக்கம் அதை மடுகு என்போம். வியாழக்கிழமை தனியாக ஏறி, பாதை எப்படி இருக்கிறது, மடுகில் தண்ணீர் எவ்வளவு என்று படம் எடுத்து அனுப்புவது என் வேலை. சனிக்கிழமை குழுவோடு கடைசி ஆளாக நடந்து அவர்களையும் எடுப்பேன்.

அதற்கு முன் புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். ஆனால் கூச்சம் விடவில்லை. "ஏகாம்பரம், நீயும் கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினா, பொண்ணு வீட்டுக்காரங்கள யாருப்பா நிக்க வைக்கிறது?" என்பார் ஸ்டுடியோக்காரர். மலை வேலை கிடைத்தபோது தண்ணீரையும் பாறையையும் நிற்கச் சொல்ல வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது என்னை நானே நிற்க வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். ட்ரைபாட் எப்போதும் ஒரே பாறை மேல், ஒரே உயரத்தில். செல்ஃப் டைமர் பத்து செகண்ட். பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய், தண்ணீருக்குள் சரிவாக இறங்கும் ஒரு கல்லின் மேல் நிற்பேன். தண்ணீர் தொடைக்கு இருந்தால் மடுகில் தாராளமாக இறங்கலாம். இடுப்புக்கு வந்தால் நடுவில் ஆள் ஆழம், லைஃப் ஜாக்கெட் வேண்டும். மார்புக்கு வந்தால் அந்த வாரம் ட்ரிப் கேன்சல்.

முகம் காட்டக் கூச்சமாக இருந்தது. அதனால் சட்டையைக் கழற்றிவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். அந்தப் படம் வெள்ளிக்கிழமை காலையில் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும்.

ஒரு சனிக்கிழமை, வந்திருந்த பெண்களில் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, ஒரு நிமிஷம் அப்படித் திரும்புங்களேன்" என்றாள். திரும்பினேன். "அட, நீங்கதானா அந்த முதுகு?" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். நான் வழக்கம்போல கடைசியில் நடந்தேன்.

2. மொட்டை

என் மனைவிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எனக்கு வயிற்றுவலி தீர்ந்தால் திருமலையில் என் முடியைக் கொடுப்பதாக. வலி தீர்ந்துவிட்டது. போகலாம், போகலாம் என்று இருக்கையில் அவள் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வருஷம் முடிந்த பிறகு நான் மட்டும் திருமலைக்குப் போனேன்.

மொட்டை அடிப்பவர் என் தலையை நனைத்துக்கொண்டே, "ஒக்கரேனா?" என்று தெலுங்கில் கேட்டார். ஒருத்தர்தானா என்று. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கத்தியை எடுத்துவிட்டு, ஆட்டாதே என்று அதட்டினார்.

அந்த வாரப் படத்துக்கு வந்த பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. பலர் கோவிந்தா போட்டார்கள். "அண்ணா, தண்ணியில ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டு மொட்டை தெரியுது" என்று ஒருவர். "கண்ணு கூசுது, எக்ஸ்போஷர் குறைங்க" என்று இன்னொருவர்.

லதா மேடம் மட்டும் "யாருக்கான வேண்டுதல்?" என்று கேட்டிருந்தார். அவர் பெரம்பூரில் இருப்பவர். எங்களோடு ஒரே ஒரு முறை வந்தார். பிறகு முட்டியில் ஆபரேஷன் ஆகி மலை ஏற முடியாமல் போயிற்று. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் படத்துக்குத் தவறாமல் ஒரு வரி எழுதுவார். "இந்த வாரம் தொடை." "இந்த வாரம் இடுப்பு." அவ்வளவுதான்.

"மனைவி வேண்டியது" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து அனுப்பினேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

3. பத்து செகண்ட்

அடுத்த வாரம் குழு தலக்கோனா பக்கம் போவதாக ஏற்பாடு. எங்கள் மடுகுக்கு யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைப் படம் வேண்டும் என்பதால் வழக்கம்போல வியாழக்கிழமை ஏறினேன்.

முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. பாறையில் பாசி ஈரமாக இருந்தது. ட்ரைபாட் வைத்து, டைமரை அழுத்திவிட்டு ஓடினேன். பாதியில் கால் வழுக்கியது. விழும்போது ஷட்டர் சத்தம் கேட்டது.

வலது கணுக்கால் உள்பக்கமாகத் திரும்பி இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. தவழ்ந்து போய் ட்ரைபாடை இழுத்துக் கேமராவைப் பார்த்தேன். படத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. என் முதல் படம் போலவே நல்ல படம்.

அங்கே டவர் கிடைக்காது. மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். அந்த மேட்டுக்கு இரண்டு கால் வேண்டும். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேலே நல்ல மழை பிடித்தால் நான் கிடந்த பாறை முழுகிவிடும். மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு மரத்தின் வேர் வரை போய்ச் சாய்ந்தேன். அதற்கு மேல் சரிவு.

யோசித்துப் பார்த்தேன். என்னை யார் தேடுவார்கள்? வீடு பூட்டியிருந்தால், மலைக்குப் போயிருப்பான் என்று அக்கம்பக்கத்தில் விட்டுவிடுவார்கள். படம் வராவிட்டால் டவர் இல்லை என்று சார் நினைப்பார். அடுத்த வாரம் சனிக்கிழமைதான் இங்கே ஆள் வரும்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். என் குரலே எனக்கு வேறு யாரோ கத்துவது போல இருந்தது. யாரும் இல்லாத இடத்திலும் சத்தம் போடக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் முறை கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பையில் கொஞ்சம் பொரி இருந்தது. இருட்டியது, விடிந்தது. மழை தூரத்தில் மட்டும் பெய்தது. மடுகில் தண்ணீர் ஏறியதா என்று ஒரு கல்லைக் குறித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் அகலம் ஏறியிருந்தது.

4. கேள்வி

வெள்ளிக்கிழமை கீழே நடந்ததைப் பிறகு பிரசாத் சார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

படம் வரவில்லை என்றதும் அவர் பழைய படங்களில் தண்ணீர் நல்ல நீலமாக இருந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். அதில் எனக்குத் தலை நிறைய முடி. உடனே கேலி ஆரம்பித்துவிட்டது. "போன வாரம் மொட்டை, இந்த வாரம் கிராப்பா? என்ன எண்ணெய் அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். சாரும் சிரிப்பு பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருக்கிறார்.

லதா மேடம் போன் செய்திருக்கிறார்.

"இது பழைய படம்தானே?"

"ஆமா மேடம், இந்த வாரம் அண்ணன் அனுப்பல. சும்மா ஒண்ணு போட்டேன்."

"ஏன் அனுப்பல?"

"டவர் கெடச்சிருக்காது மேடம்."

"கேட்டீங்களா?"

அதற்குப் பிறகுதான் சார் என் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. அடிவார ஊரில் எங்கள் வழிகாட்டி குமாரைக் கூப்பிட்டு, என் வண்டி நிற்கிறதா பார் என்றிருக்கிறார். புளியமரத்தடியில் மொபெட் நின்றிருக்கிறது. சீட்டெல்லாம் இலை.

குமாரும் இன்னும் இரண்டு பேரும் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். முதலில் குமாரின் குரல்தான் கேட்டது.

"இன்னாண்ணா, இங்க குந்திக்கினு கீற?"

நான் காலைக் காட்டினேன்.

"நல்லவேள மொட்ட அடிச்ச. மேலேர்ந்து பார்த்தா மரத்துக்கு நடுவுல பளபளன்னு தெரிஞ்சுது. முடி இருந்தா கண்டுக்காம போய்க்கினே இருந்திருப்போம்." என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "எதுனா துன்னியா?"

"பொரி."

"ரெண்டு நாளா பொரியா? சரி, தோள்ல கையப் போடு."

மூன்று பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் மழை வந்தது. சனிக்கிழமை குமார் போய்ப் பார்த்துவிட்டு, நான் சாய்ந்திருந்த வேர் தண்ணீருக்குள் இருக்கிறது என்றான்.

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

கால் சரியாகும் வரை குமார் மடுகில் நின்று படம் அனுப்பினான். அவன் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். லதா மேடம் அந்த வாரங்களிலும் தண்ணீர் அளவை எழுதினார். கூடவே "கால் எப்படி இருக்கிறது?" என்று எனக்குத் தனியாகக் கேட்டிருந்தார். நன்றி சொல்ல நினைத்துப் பலமுறை அடித்து அடித்து அழித்தேன். "பரவாயில்லை" என்று மட்டும் அனுப்பினேன்.

தண்ணீரைப் படம் எடுக்க வருகிறவர்கள் டைமரை இருபது செகண்டுக்கு வையுங்கள். ஓடாதீர்கள். இருபது செகண்ட் இல்லாத கேமராவாக இருந்தால் ரிமோட் வாங்குங்கள். ஏறும் முன் ஒருவரிடம் சொல்லுங்கள், இறங்கியதும் அவரிடமே சொல்லுங்கள். சொல்ல எனக்கு யாரும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை.

இப்போது வியாழக்கிழமை ஏறும் முன் குமாருக்கும் சாருக்கும் போன் செய்கிறேன். வீட்டில் மாற்றம் எதுவும் இல்லை. இறங்கி வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

கால் சரியான பிறகு முதல் முறையாக மடுகுக்குப் போன அன்று, ட்ரைபாடை அதே பாறையில் வைத்தேன். நடந்து போய்க் கல்லின் மேல் நின்றேன். தலையில் முடி கொஞ்சம் முளைத்திருந்தது. திரும்பி நிற்கலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. முதுகைக் காட்டியபடியே வலது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே லதா மேடம் இரண்டு வரி எழுதியிருந்தார்.

"இந்த வாரம் இடுப்பு.

கையைப் பார்த்தேன்."