கையில் போட்ட மாதப் பூக்கள்

டாட்டூ போடுகிறவளுக்கு வரையத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்டுக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும் என்பதை எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் சொல்லவே இல்லை. பார்லர், தையல் கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும். ஒருவர் கையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் வாய் தானாகத் திறந்துவிடும். அப்புறம் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவது நாம்தான்.

கள்ளக்குறிச்சியில், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் என் கடை. பிறந்த மாதத்துக்கு ஒரு பூ, அந்தப் பூவுக்கு ஒரு அர்த்தம் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அது செல்போன் வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு பூக்களையும் ஒரு பலகையில் வரைந்து, கீழே அர்த்தத்தைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினேன். சும்மா இருந்திருக்கலாம்.

எல்லாரும் ஜூன்

பலகை மாட்டிய பிறகுதான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூனில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஜூனுக்கு ரோஜா. அர்த்தம், காதல். ரோஜாவாகப் போட்டுப் போட்டு எனக்கே சலித்துவிட்டது.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு வெட்டுகிற ஆள், நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவியின் மாதத்துப் பூ தன் கையில் வேண்டும் என்று அந்த அம்மாவின் ஆதார் அட்டையை நீட்டினார். ஜூன் ஒன்று. "நெஜமா எப்பப் பொறந்தாங்க?" என்றேன். "அடமழையில பொறந்தான்னு அவங்கம்மா சொல்லிக்கினு இருக்கும்" என்றார். அடைமழை என்றால் நவம்பராக இருக்கும், அதற்குச் செவ்வந்தி, அதையே போடலாமே என்றேன். அட்டையில் இருந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரோஜாவே போடுங்கம்மா. சாவு சர்டிபிகேட்ல கூட ஜூன்தான் போட்டுருக்கறாங்க. மேல போயி தேடும்போது ஆளு மாறிடப் போவுது."

மூன்றாவது தடவை

உளுந்தூர்பேட்டையிலிருந்து லாரி ஓட்டுகிற ஒருவர் என்னிடம் மூன்று தடவை வந்திருக்கிறார். முதல் தடவை, காதலித்த பெண்ணுக்காகப் பிப்ரவரி மாதத்து வயலட் பூ. விசுவாசம் என்று அர்த்தம். அடுத்த தடவை வந்தபோது கூட இருந்தது வேறு பெண், புது மனைவி. வயலட்டை மறைக்க வேண்டும். நல்லவேளை, அவர் மனைவி ஜனவரி. ஜனவரிப் பூ கார்னேஷன், அடுக்கடுக்காக இருக்கும், அடியில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம்.

மூன்றாவது தடவை தனியாக வந்தார். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம், வக்கீல் நோட்டீஸும் வந்துவிட்டதாம். இந்தத் தடவை எந்த மாதம் என்று கேட்காமல் கையைத் துடைத்துவிட்டேன். அவரே சொன்னார்.

"கறுப்பா அடிச்சு வுட்டுரும்மா. கறுப்புக்கு மாசம் கெடையாதில்ல."

அக்டோபருக்கு என்ன அர்த்தம்

அக்டோபருக்குத் துலுக்கச் சாமந்தி. அதற்குத் துயரம் என்று ஓர் அர்த்தம் இருக்கிறது. நானும் பெரிய நேர்மைக்காரி மாதிரி அதையே எழுதி வைத்திருந்தேன். ஜவுளிக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண், கல்யாணம் நிச்சயமானவள், அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நம்மூர்ல இது ஆயுத பூஜைப் பூக்கா" என்று சொல்லி மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள். கையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாள். பின்னால் என் பலகையும் அதில் விழுந்திருந்தது.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மணலூர்பேட்டையிலிருந்து வந்து மாடி ஏறினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "துயரத்தக் கையில வச்சிக்கினு வர்ற பொண்ணு எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கு?" என்றார். அது வெள்ளைக்காரன் சொன்ன அர்த்தம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் நின்றுபோனது. அவர்களுக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் கையில் கிடைத்தது என் பலகைதான்.

மன்னிப்புக் கேட்க அந்த ஜவுளிக்கடைக்குப் போனேன். மணிக்கட்டு மறைய வளையல் போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் புடவைகளை மடித்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து அந்த ஒரு வார்த்தையின் மேல் மட்டும் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். மறுநாள் வந்த ஒரு காலேஜ் பையன் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னாக்கா, அக்டோபர்ல பொறந்தவங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லியா?"

மலையிலிருந்து வந்தவள்

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன் உள்ளே வராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். முதல் குழந்தை, பதினொரு நாள்தான் இருந்ததாம். மே மாதம் பிறந்தது. பலகையில் மே மாதத்தைக் காட்டினேன். குட்டி மணி மாதிரி தொங்கும் வெள்ளைப் பூ. போன சந்தோஷம் திரும்பி வரும் என்று அர்த்தம். அதை வாசித்தும் காட்டினேன்.

"இந்தப் பூவ நான் பாத்ததில்லக்கா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியிலேயே, மலை ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, அதிலேயே குழந்தை பிறந்திருக்கிறது. படுத்திருந்த இடத்திலிருந்து வெளியே பார்த்தால் ஒரு கொன்றை மரம், மரம் முழுக்கப் பூவாம். கொன்றையையே போடச் சொன்னாள். நம் நிறத்தில் மஞ்சள் மை நிற்காது, நாளாக ஆக மங்கிவிடும் என்று சொன்னேன். சரி, கறுப்புக் கோட்டிலேயே போடுங்க என்றாள். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சரம் போட்டேன். கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முடித்துத் துடைத்துவிட்டபோது, கொன்றைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அது இந்தக் கணக்கிலேயே வராத பூ, அதற்கு யாரும் அர்த்தம் எழுதவில்லை என்றேன். புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இல்லாட்டி பரவால்லக்கா. அன்னிக்கி அதான் அங்க இருந்துச்சு."

இத்தனை பேருக்குப் பூ போட்டுவிட்ட பிறகும், புதிதாக மாடி ஏறி வந்து "ரொம்ப வலிக்குமாக்கா?" என்று கேட்கிறவர்களிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று கூசாமல் சொல்கிறேன், பிழைப்பு நடக்க வேண்டுமே.