மெதுவான டிஸ்க்கில் கிடந்த ஸ்கேன்

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில், ஓராண்டாக யாரும் திறக்காத ஃபைல்களை சர்வர் தானாகவே மெதுவான டிஸ்க்குக்கு மாற்றிவிடும். செலவு குறைவு. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான் என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்று கட்டுமாவடியிலிருந்து ஒரு அக்கா கணவரை அழைத்து வந்திருந்தார். புது ஸ்கேன் எடுத்தாயிற்று. பழையதோடு ஒப்பிட வேண்டும் என்றார் டாக்டர். பழையது மெதுவான டிஸ்க்கில் கிடந்தது.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன்: "கொஞ்சம் நேரமாகுங்க்கா. ரொம்ப நாளா யாரும் தொறக்காத படம். எடுத்துட்டு வரணும்."

"தொறக்காம கெடந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு தம்பி. கட்டி கரைஞ்சிருச்சுன்னாங்க. திரும்பக் கடலுக்குக்கூடப் போனாரு."

கணவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

"சீக்கிரம் வர வைக்கப் பாக்குறேங்க்கா."

"வேணாம் தம்பி, மெதுவாவே வரட்டும். அவரு டீயக் குடிச்சிட்டு வரட்டும்."

படம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

மாலையில் பார்த்தேன். அந்தப் பழைய ஃபைலை சர்வர் வேகமான டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டுவிட்டது. ஒருமுறை திரும்பத் திறந்த படம் இனி அடிக்கடி தேவைப்படும் என்பது அதன் கணக்கு.

சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களே, இந்தக் கணக்கு தப்பிப்போன கதை யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.